அழையாத விருந்தாளிகள்

பகல் இரண்டு மணி. அடுக்களையை ஒழித்துப் போட்டு, மின்விசிறியைச் சுழலவிட்டு, இந்தப் பத்திரிகையைப் பிரிக்கிறீர்கள். பக்கத்தில் டெலிபோன் 'டிங்' என்கிறது. கல்லூரிக்குப் போன பெண் ஏதாவது சொல்கிறாளோ என்று பதறி எடுத்தால், திருநின்றவூருக்கு அப்பால் மனைக்கட்டு, சுலபத் தவணை! அடுத்த 'டிங்'கில் பூந்தமல்லியில் புதிதாகத் திறந்த பல் வைத்தியசாலை. அதற்கடுத்தது ஆடித் தள்ளுபடி. ஆடி போய்க் கார்த்திகை வந்தாலும் அந்தத் தள்ளுபடி மட்டும் போகமாட்டேன் என்கிறது!

வாசலில் கூடையோடு வருகிறவளிடம் "இன்றைக்கு வேண்டாம் அம்மா" என்று சொல்லி அனுப்புகிறோம். அந்த மரியாதையை வாட்ஸப்பில் காட்ட வேண்டாம். பதில் போட்டால், 'இந்த நம்பரில் ஆள் உண்டு, படிக்கவும் செய்கிறார்கள்' என்று நாமே தகவல் கொடுத்ததாகிவிடும்.

நம்பர் அவர்களுக்கு எப்படிக் கிடைத்தது என்கிறீர்களா? பல சமயம் கொடுத்தது நாம்தான். அம்பத்தூர் ஓ.டி. பக்கம் ஜவுளி எடுத்தால், பில் போடும் பையன் "நம்பர் சொல்லுங்க அக்கா" என்கிறான். நாமும் கடகடவென்று ஒப்பிக்கிறோம். பரிசுச் சீட்டிலும் எழுதிப் பெட்டியில் போடுகிறோம். நம்பர் கேட்டு வாடிக்கையாளரை வற்புறுத்தக் கூடாது என்று 2023 மே மாதத்திலேயே மத்திய நுகர்வோர் துறை கடைகளுக்கு அறிவுரை கூறியது. "நம்பர் இல்லாமலே பில் போடப்பா" என்று சொல்லிப் பாருங்கள்.

1909-க்குத் தெரிவித்தால் தொல்லை நிற்குமாமே என்பீர்கள். அது சாதாரண அழைப்புக்கும் எஸ்.எம்.எஸ்.ஸுக்கும்தான். வாட்ஸப்பும் டெலிகிராமும் இன்டர்நெட் வழியே வருகிறவை. அங்கே அதற்கு அதிகாரமில்லை. ஆகவே தாழ்ப்பாளை நாமே போட வேண்டும். 'பிளாக்' மட்டும் செய்தால் போதாது, 'ரிப்போர்ட்'டும் செய்யுங்கள். அவர் அனுப்பிய கடைசி ஐந்து செய்திகள் வாட்ஸப் கம்பெனிக்குப் போகும். அனுப்பியவருக்கு அது தெரியாது. பிறகு செட்டிங்ஸில் பிரைவஸி, அதில் குரூப்ஸ். உங்களைக் குழுவில் சேர்க்கும் உரிமை 'எல்லோருக்கும்' என்று இருந்தால், 'என் தொடர்பில் உள்ளவர்கள்' என்று மாற்றிவிடுங்கள். 2019-லிருந்து இந்த வசதி இருக்கிறது. நம்மில் எத்தனை பேர் அந்தப் பக்கம் எட்டிப் பார்த்தோம்?

மனைக்கட்டும் பல் டாக்டரும் வெறும் கொசுக்கடி. "வீட்டில் இருந்தபடியே சம்பாதிக்கலாம், மேடம்" என்று வருகிறதே, அதுதான் பாம்பு. யூட்யூப் படத்துக்கு 'லைக்' போட்டால் கூலி என்பான். முதலில் நூறு, இருநூறு நிஜமாகவே கணக்கில் வந்து விழும். அப்புறம் டெலிகிராம் குழுவுக்கு அழைப்பான். ஆயிரம் கட்டினால் கூடுதலாகத் திரும்பி வரும். பிறகு பத்தாயிரம், ஐம்பதாயிரம். திருப்பிக் கேட்டால், "வரி கட்டினால்தான் எடுக்கலாம்" என்பான். "எனக்கு வந்துவிட்டது, நன்றி!" என்று குழுவில் எழுதுகிறவர்கள் எல்லாம் பெரும்பாலும் அவன் கூட்டாளிகளே.

சொந்தமாக நாலு காசு பார்க்கவேண்டும் என்ற ஆசையில் தப்பென்ன? அந்த ஆசையைக் குறிவைக்கிறானே, அதுதான் எரிச்சல். வீட்டுக்காரருக்குத் தெரிந்தால் என்ன சொல்வாரோ என்று பயந்து, நகையை வைத்து இன்னொரு தடவை கட்டுகிறவர்களும் உண்டு. அந்தத் தயக்கம்தான் அவனுக்கு மூலதனம்.

பணம் போய்விட்டால், யாருக்குச் சொல்வது என்று யோசித்துக்கொண்டிராமல் உடனே 1930-ஐக் கூப்பிடுங்கள். பணம் கணக்கு விட்டுக் கணக்கு தாவுவதற்குள் சொன்னால் பாங்கில் நிறுத்தி வைக்க வழியுண்டு. விடியட்டும் என்றிருந்தால் கஷ்டம். அம்பத்தூர், ஆவடி, பூந்தமல்லிக்காரர்களுக்கு 2022 முதல் ஆவடி போலீஸ் கமிஷனர் அலுவலகம் இருக்கிறது. அங்கும் புகார் கொடுக்கலாம். கோபத்தில் அந்தச் செய்திகளை மட்டும் அழித்துவிடாதீர்கள். போலீசார் முதலில் கேட்பது அதைத்தான்.