தெர்மோஸ்டாட்டும் ஒரு மன்னிப்பும்



கார்த்திகை மாசம் இதே பக்கத்தில் என் பழைய மாருதி 800 பற்றி ஒரு பதிவு போட்டிருந்தேன். கேஸ் கிட் மாட்டினதில் இருந்து வண்டி விடியற்காலையில் நடுவழியில் நின்று போகிறது, கிட் மாட்டுகிறவர்களை நம்பாதீர்கள் என்று கொஞ்சம் காரமாகவே எழுதினேன். பெயர் போடவில்லை. ஆனால் எனக்கு மாட்டித் தந்தது யார் என்று உங்களில் பாதிப் பேருக்குத் தெரியும். நிறைய லைக் விழுந்தது. சிலர் என்னைவிடக் காரமாகக் கமெண்ட் போட்டீர்கள்.

நான் எழுதினது தப்பு. எப்படித் தப்பு என்று சொல்லத்தான் இந்தப் பதிவு. கொஞ்சம் நீளம், பொறுத்துக்கொள்ளுங்கள்.

மார்கழியில் ஒருநாள் காலை ஐந்து மணிக்கு நானும் வீட்டுக்காரியும் சுசீந்திரம் கோயிலுக்குக் கிளம்பினோம். தோவாளையில் பூச்சந்தை கூடுகிற நேரம். முதலில் பெட்ரோலில் ஸ்டார்ட் பண்ணி, ஒரு கிலோமீட்டர் ஓட்டி, ஸ்விட்சை நடுவில் வைத்து, கார்புரேட்டரில் கிடக்கிற பெட்ரோல் தீர்ந்து வண்டி லேசாக இழுக்க ஆரம்பித்ததும் கேஸுக்கு மாற்றினேன். சொல்லித் தந்தபடி சரியாகத்தான் செய்தேன். வெள்ளமடம் தாண்டவில்லை, இன்ஜின் இரண்டு தடவை குலுங்கி நின்றே விட்டது. பின்னால் வந்த லாரிக்காரன் கடைசி நிமிஷத்தில் ஒடித்துத் திருப்பினான். அவன் திட்டினதை இங்கே எழுத முடியாது. எழுபது வயசுக்கு மேல் எங்களுக்கு அந்தத் திட்டு தேவையாகத்தான் இருந்தது.

இதில் ஒரு வேடிக்கை உண்டு. பதினைந்து நிமிஷம் ஓரமாக நிறுத்தி வைத்தால் வண்டி தானே ஸ்டார்ட் ஆகிவிடும். பிறகு நாள் முழுக்க ஒரு தொந்தரவும் தராது. மெக்கானிக் வந்து பார்க்கும்போது ஒரு கோளாறும் இருக்காது. பேய் பிடித்தவள் கோடாங்கியைக் கண்டதும் அடங்குவது போல. ஆகவே ஸ்பார்க் பிளக், பிளக் வயர், காயில், பேட்டரி என்று ஒரே நாளில் நான்கையும் மாற்றினேன். நாலாயிரத்துக்கு மேல் போனது. நான்கையும் ஒன்றாக மாற்றினால் எது காரணம் என்று எப்படித் தெரியும்? பரிசோதனையில் ஒரு நேரத்தில் ஒன்றைத்தான் மாற்ற வேண்டும் என்று உங்களுக்கெல்லாம் போர்டில் எழுதிப்போட்டவன் நான்.

அன்று வெள்ளமடத்தில் பானட்டைத் திறந்து டார்ச் அடித்தபோது வீட்டுக்காரிதான் பார்த்தாள். "இங்க பாருங்கோ, இது மட்டும் வேர்த்து வெள்ளையா கிடக்குல்லா? கல்யாண வீட்டு சிலிண்டர் மாதிரி!"

கேஸ் கிட்டின் வேப்பரைசர் மேல் உறைபனி படிந்திருந்தது. வெளியே இருபத்திரண்டு டிகிரி. ஸ்வெட்டர்கூடத் தேவையில்லாத குளிர். அதில் பனி!

நம்ம ஊர்க் கல்யாணத்தில் தவசுப்பிள்ளை பெரிய அடுப்புகளை ஒரே நேரத்தில் எரியவிட்டால் சிலிண்டர் வேர்த்து ஜில்லென்று ஆகும், தீ குறையும். அவர் சிலிண்டரை வெந்நீர்த் தொட்டியில் இறக்கி வைப்பார். திரவம் ஆவியாக வெப்பம் வேண்டும், அதைச் சுற்றுப்புறத்தில் இருந்து இழுத்துக்கொள்ளும். உள்ளுறை வெப்பம். ஒரு கிலோ கேஸ் ஆவியாக ஏறத்தாழ 350 முதல் 400 கிலோஜூல் வரை வேண்டும். காரில் அந்த வெந்நீர்த் தொட்டியின் வேலையைச் செய்வது இன்ஜினைச் சுற்றி வருகிற தண்ணீர். ஒரு ஹோஸ் வழியாக அது வேப்பரைசருக்குள் போய்வரும். தண்ணீர் சூடாக இல்லாவிட்டால், போதுமான அளவு வராவிட்டால், உள்ளே கிடக்கிற தண்ணீரே உறையும். பிறகு கேஸ் ஆவியாகாமல் திரவமாகவே இன்ஜினுக்குள் போய் அதை மூச்சுமுட்ட வைத்துவிடும். வண்டி நின்றதும் இன்ஜின் சூட்டில் பனி உருகும். பேய் இறங்கிவிடும்.

முப்பது வருஷம் இந்தப் பாடம் நடத்தினவன் கண்ணுக்கு இது தெரியவில்லை. அவளுக்குத் தெரிந்தது. போகட்டும்.

அப்படியானால் ஒன்றரை, இரண்டு கிலோமீட்டர் ஓடியும் தண்ணீர் ஏன் சூடாகவில்லை? வழக்கமாக வண்டி பார்க்கிற என் பழைய மாணவனிடம் கொண்டு போனேன். (பெயர் சொல்லவில்லை, அவனே கமெண்டில் வருவான்.) தெர்மோஸ்டாட் மூடியைக் கழற்றினான். உள்ளே காலி. கொஞ்ச நேரம் பேசாமல் நின்றான். "சாரே, நாந்தான் கழத்தினேன். ஆறு வருஷம் முன்னால ஹீட் ஆகுதுன்னு கொண்டு வந்தேளே. வெயில் ஊருக்கு இது எதுக்குன்னு நெனச்சேன்."

அவனைக் குறை சொல்ல எனக்கு வாய் இல்லை. அன்றைக்கு நானும் பக்கத்தில் நின்று தலையாட்டினேன். அதன் பிறகு டெம்பரேச்சர் ஊசி பாதியைத் தொடுவதே இல்லை என்று எத்தனை பேரிடம் பெருமை அடித்திருக்கிறேன்! ஊசி ஏறாதது நோயின் அடையாளம் என்று தோன்றவே இல்லை. போதாக்குறைக்கு, கூலன்ட் வாங்காமல் கிணற்றுத் தண்ணீர் ஊற்றினதும் நான்தான். துருச்சேறு பிடித்து வேப்பரைசர் ஹோஸ் பாதி அடைத்திருந்தது. எண்பது டிகிரி வெந்நீர் வந்திருந்தால் அந்தப் பாதி வழியே போதும். வந்தது வெதுவெதுப்பான தண்ணீர்.

கிட் மாட்டின தம்பி தன் வேலையை ஒழுங்காகத்தான் செய்திருக்கிறான். தெர்மோஸ்டாட் இல்லை என்று அவனிடம் யாரும் சொல்லவில்லை.

"வெயில் ஊருக்குத் தெர்மோஸ்டாட் வேண்டாம்" என்ற பேச்சு நம்ம பக்கத்து ஒர்க்‌ஷாப்புகளில் சர்வ சாதாரணம். எனக்கு இப்போது அதில் துளி சம்மதமும் இல்லை. சவுதியிலும் துபாயிலும் குவைத்திலும் ஓடுகிற வண்டிகளிலும் தெர்மோஸ்டாட் உண்டு. அங்கே இருக்கிற நம்ம பிள்ளைகள் விசாரித்துப் பாருங்கள். அது குளிர் நாட்டுச் சாமான் இல்லை. தண்ணீர் சூடாகிற வரைக்கும் ரேடியேட்டருக்குப் போகிற வழியை மூடி வைத்து, இன்ஜினைச் சீக்கிரம் அதன் வேலைச் சூட்டுக்குக் கொண்டுவருகிற கதவு. அதைக் கழற்றினால் இன்ஜின் சில்லென்றே ஓடும், எரிபொருள் கூடுதலாகக் குடிக்கும், தேய்மானமும் கூடும். சில இன்ஜின்களில் பைபாஸ் வழி திறந்தே கிடப்பதால் வெந்நீரில் ஒரு பங்கு ரேடியேட்டருக்கே போகாமல் சுற்றி, ஹீட் இன்னும் அதிகமாகும். ஹீட் ஆனால் ஃபேன், ரேடியேட்டர் அடைப்பு, வாட்டர் பம்ப் எல்லாவற்றையும் பார்க்க வேண்டும். நாங்கள் காய்ச்சல் வந்தவனின் தெர்மாமீட்டரை உடைத்த கதையாகச் செய்துவிட்டோம்.

இன்னொன்றும் சொல்ல வேண்டும். கேஸ் கிட் போட்டால் ஆர்.டி.ஓ. ஆபீசில் ஆர்.சி. புத்தகத்தில் ஏற்ற வேண்டும். மோட்டார் வாகனச் சட்டம் 52ஆம் பிரிவு அதைத்தான் சொல்கிறது. கேரளத்தில் இருந்து போன ஒரு வழக்கில் 2019 ஜனவரியில் சுப்ரீம் கோர்ட்டும் கம்பெனி கொடுத்த அமைப்பை இஷ்டம்போல் மாற்றக்கூடாது என்று தீர்ப்புச் சொன்னது. என் வண்டியில் கிட் முறையாக ஏறியிருக்கிறது. ஆனால் ஒரு மெக்கானிக் உள்ளே இருந்து எதைக் கழற்றி எறிந்தான் என்பது எந்தப் புத்தகத்திலும் இல்லை. அடுத்தவன் அதைத் தெரியாமல் அதன் மேல் இன்னொன்றை மாட்டுகிறான். வண்டி நின்றால் கடைசியில் கை வைத்தவன் தலையில் பழி. நான் செய்தது அதுதான். இப்போது டேஷ்போர்டில் ஒரு நாற்பது பக்க நோட்டு வைத்திருக்கிறேன். தேதி, கழற்றியது, மாட்டியது, யார், ஏன். மாணவன் முதல் வரியைத் தன் கையால் எழுதிக் கையெழுத்துப் போட்டான்.

புதுத் தெர்மோஸ்டாட் முந்நூறு ரூபாய்ச் சொச்சம். மாட்டுவதற்கு முன் அதை ஒரு பாத்திரத் தண்ணீரில் போட்டு, தெர்மாமீட்டர் வைத்து அடுப்பில் ஏற்றினேன். எண்பது தாண்டினதும் உள்ளே இருக்கிற மெழுகு விரிந்து வால்வு மெல்லத் திறந்தது. வீட்டுக்காரி பாத்திரத்தைத் தனியாக எடுத்து வைத்துவிட்டாள், இனிச் சமையலுக்கு ஆகாதாம். ஹோஸைச் சுத்தம் செய்து கூலன்ட் ஊற்றினோம். பிறகு பதினெட்டு விடியற்காலை ஓட்டிவிட்டேன். ஒருநாள்கூட நிற்கவில்லை.

அந்தத் தம்பியின் ஒர்க்‌ஷாப்புக்கு நேரில் போய் மன்னிப்புக் கேட்டேன். "உங்க போஸ்ட்டுக்குப் பெறவு வாரேன்னு சொன்ன ரெண்டு பேரு வரல்ல சார்" என்று மட்டும் சொன்னான். டீ வாங்கித் தந்தான். அந்த இரண்டு பேர் இதைப் படிக்கிறீர்கள் என்றால் தயவுசெய்து போங்கள். பழைய பதிவை நான் அழிக்கவில்லை, அதன் தலையிலேயே தவறு என்று எழுதிவிட்டேன். அங்கே கமெண்ட் போட்டவர்கள் உங்கள் கமெண்டை நீங்களே எடுத்துவிடுங்கள்.

பழைய வண்டி, அதில் கேஸ் கிட் வைத்திருப்பவர்கள் நாளைக் காலை ஒன்று செய்து பாருங்கள். ராத்திரி முழுக்க நின்ற வண்டியை ஸ்டார்ட் பண்ணி, ரேடியேட்டருக்குப் போகிற மேல் ஹோஸைத் தொடுங்கள். சில நிமிஷம் குளிர்ந்தே இருந்து, பிறகு சட்டென்று சுட வேண்டும். ஆரம்பத்தில் இருந்தே கொஞ்சம் கொஞ்சமாகச் சூடேறினால் தெர்மோஸ்டாட் இல்லை, இருந்தால் திறந்தபடி சிக்கிக் கிடக்கிறது. சூடான வண்டியில் ரேடியேட்டர் மூடியைத் திறக்காதீர்கள். ஃபேன் பக்கம் கை போகவே கூடாது, அது எப்போது சுற்றும் என்று சொல்ல முடியாது.