கட்டுவது எளிது, காப்பது?

கிரேக்கம் என்றதும் நம் நினைவுக்கு வருவன சாக்ரட்டீசும் ஒலிம்பிக் போட்டியும்தான். சியூஸ், அதீனா, அப்போலோ முதலிய தெய்வங்களைப் பாடநூலோடு முடிந்துபோன கதைகள் என்றே எண்ணியிருக்கிறோம். ஆனால், அத்தெய்வங்களை இன்றும் வணங்குவோர் கிரேக்கத்திலும் பிற நாடுகளிலும் இருக்கிறார்கள். வீட்டில் ஒரு மாடம் அமைத்துக்கொள்வது அவர்களுக்குச் சிரமமில்லை. பொது இடத்தில் ஒரு சிற்றாலயம் என்று வரும்போதுதான் சிக்கல்.

கி.பி. 391, 392ஆம் ஆண்டுகளில் ரோமப் பேரரசர் தியோடோசியஸ் பிறப்பித்த ஆணைகள் பழைய கோயில் வழிபாட்டைத் தடை செய்தன. பல நூற்றாண்டுகளுக்குப் பிறகு, 2007 சனவரியில் எல்லினாயிஸ் எனும் அமைப்பினர் பண்பாட்டு அமைச்சின் தடையை மீறி, ஏதென்சிலுள்ள ஒலிம்பிய சியூஸ் கோயிலில் வழிபாடு நடத்தினர்.

இதில் யார் பக்கம் நியாயம்? அக்கோயிலின் 104 தூண்களில் இன்று நிற்பவை 15 மட்டுமே. 1852இல் புயலில் சாய்ந்த ஒன்று இன்னும் தரையில் கிடக்கிறது. அங்கே தீ மூட்டவும் மது வார்க்கவும் அமைச்சு தயங்குவதில் தவறில்லை. அதே வேளையில், தெய்வத்தின் வீடு என்று நம்புகிறவரிடம் 'இது வெறும் காட்சிப்பொருள்' என்று சொல்வதும் முறையான பதிலாகாது.

என் கருத்தில், வழி அவர்களுடைய மரபிலேயே இருக்கிறது. பண்டைக் கிரேக்கத்தில் கோயில் தெய்வச் சிலையின் இல்லம். பலிபீடமோ வெளியே, திறந்த வெளியில் இருந்தது. வழிபாட்டின் உயிர் அந்தப் பீடத்தில்தான். தெருவோரத்தில் எர்மீஸ் தெய்வத்தின் கல்தூணும் முச்சந்தியில் எக்காத்தி தெய்வத்தின் சிற்றாலயமும் இருந்தன. ஆகவே, இடிபாடுகளுக்காகப் போராடுவதைவிட, உரிமையாளரின் அனுமதியோடு ஒரு துண்டு நிலத்தில் ஒரு கற்பீடம் எழுப்புவதே மேல்.

ஆனால், எழுப்பினால் மட்டும் போதுமா? கி.பி. 2ஆம் நூற்றாண்டில் கிரேக்கம் முழுதும் சுற்றிய பௌசானியஸ், கூரையிழந்த கோயில்களையும் சிலையில்லாத கருவறைகளையும் குறித்து வைத்துள்ளார். அப்போது எந்தத் தடையும் இல்லை. அம்மதம் உயிரோடுதான் இருந்தது. ஊர் காலியானதும் கோயிலும் விழுந்தது. நிலப்பட்டா இல்லாமல் எழுந்து, மக்கள் நகரங்களுக்குப் போனபின் தனித்து நிற்கும் நம் தோட்டப்புறக் கோயில்களை அறிந்தவர்களுக்கு இது புதிய கதையன்று.

எனவே, பீடம் அமைப்போர் முதலில் முறைப்பட்டியல் ஒன்றை எழுதட்டும். யார் கூட்டுவது, படைத்த பழமும் பூவும் அழுகுமுன் யார் அகற்றுவது, அடுத்த ஆண்டு பொறுப்பு யாருக்கு? நெகிழிக் குப்பை சேர்ந்த ஓர் இடத்தைப் பார்த்து அக்கம்பக்கத்தார் முகம் சுளித்தால், சட்டம் தந்த உரிமையும் நீடிக்காது.

ஆளற்ற பெரிய கோயிலைவிட, துடைப்பம் சாத்திவைத்த சின்னப் பீடமே பெரிது. தெய்வம் எதுவாயினும் இது பொருந்தும். நாமும் நம் ஊர்க் கோயிலைக் கடைசியாக எப்போது கூட்டினோம் என்று எண்ணிப் பார்ப்போம்!