மேலே பணம் வரவில்லை என்னும் சமாதானம்

“மேலே பில் பாஸ் ஆகவில்லை, ஆகையால் கீழே கொடுக்க முடியவில்லை” என்று ஒரு காண்ட்ராக்டர் சொல்லிவிட்டால், அதற்குமேல் அவரைக் கேட்பதற்கு ஒன்றுமில்லை என்று கடலூரிலும் சிதம்பரத்திலும் அதிகாரி முதல் அரசியல்வாதி வரையில் எல்லோரும் நம்பிக்கொண்டிருக்கிறார்கள். பாக்கிக்காக அலைந்து செருப்புத் தேய்ந்த மேஸ்திரியே கூட, நாளடைவில், “பாவம், அவருக்கும் வரவில்லையாம்” என்று பேசத் தொடங்கிவிடுகிறார். இந்த நம்பிக்கை நியாயத்துக்கு விரோதமானது. இதை ஏற்றுக்கொண்டு, தான் கொடுத்த பதிவைத் தானே திரும்பப் பெறும் அதிகாரத்தைச் சர்க்கார் உபயோகிக்காமல் இருப்பது அதைவிடப் பெரிய அநியாயம் என்பது என் தீர்மானமான அபிப்பிராயம்.

பொதுப்பணித்துறையில் பெயரைப் பதிவு செய்துகொள்ள வருகிற ஒருவர், முன்பு செய்து முடித்த வேலைகளுக்கான அத்தாட்சிகளோடு, ‘சால்வன்சி’ என்று எல்லோரும் சொல்லும் சொத்து மதிப்புச் சான்றிதழையும் சேர்த்துக் கொடுக்கிறார். வகுப்பு உயர உயர, அவர் எடுக்கக்கூடிய வேலையின் தொகையும் உயருகிறது. இந்தச் சான்றிதழ் எதற்காகக் கேட்கப்படுகிறது? பில் பணம் இரண்டு மாதம் பிந்தினாலும், சிமெண்டுக்கும் கம்பிக்கும் ஆள்கூலிக்கும் கைப்பணத்தைப் போட்டு வேலையை நடத்தும் சக்தி இவருக்கு உண்டா என்று தெரிந்துகொள்வதற்காகத்தான். அந்தச் சக்திக்கு உரிய பிரதிபலனும் அவருக்கு இல்லாமலில்லை. மத்திய பொதுப்பணித்துறையின் விலை விகிதங்களில் ஒப்பந்தக்காரரின் லாபத்துக்கும் மேற்செலவுக்குமாக 15 சதவீதம் சேர்த்தே கணக்கிடப்படுகிறது. தாமதத்தைத் தாங்குவேன் என்று சான்று கொடுத்துப் பதிவையும் பெற்றுக்கொண்டு, தாங்குவதற்கான லாபத்தையும் பெற்றுக்கொண்டு, தாமதம் வந்த அன்று அதை அப்படியே மேஸ்திரியின் தலையில் இறக்கி வைப்பவர், எந்த யோக்கியதையைக் காட்டிப் பதிவு பெற்றாரோ அந்த யோக்கியதை தமக்கு இல்லையென்று தாமே ஒப்புக்கொள்கிறார்.

அந்த மேஸ்திரியின் நிலைமையைச் சற்று அருகில் சென்று பார்க்க வேண்டும். சென்ட்ரிங் வேலையைச் சதுர அடிக் கணக்கில் பேசி எடுப்பவர், பலகையும் ஷீட்டும் ஜாக்கியும் தம் சொந்தச் செலவில் கொண்டுவந்து இறக்குகிறார். புவனகிரியிலிருந்தும் காட்டுமன்னார்கோயிலிலிருந்தும் ஆட்களை முன்பணம் கொடுத்து அழைத்து வருகிறார். கூரைக்குக் கான்கிரீட் போட்ட பிறகு, அது இறுகும் வரையில் அவருடைய சாமான்கள் அத்தனையும் அந்தக் கூரையின் அடியிலேயே முட்டுக் கொடுத்து நிற்கின்றன. வேறு வேலைக்கு எடுத்துப் போகவும் வழியில்லை. அவரிடம் இருக்கும் ஒரே ஆதாரம், மூலை மடங்கிச் சிமெண்டுக் கறை படிந்த ஒரு நாற்பது பக்க நோட்டு. அதில் தேதியும் அளவும் இருக்கும்; சூப்பர்வைசரின் கையெழுத்து சில பக்கங்களில் இருக்கும், சில பக்கங்களில் இராது. சனிக்கிழமை மாலை ஆட்கள் பட்டுவாடாவுக்கு வந்து நிற்கும்போது, “பில் வரட்டும், பார்க்கலாம்யா” என்ற பதிலை அவர்களிடம் சொல்ல அவரால் முடியாது. மனைவியின் தோடு அடகுக் கடைக்குப் போகிறது. ஐப்பசி பிறந்து மழை பிடித்துக்கொண்டால் இந்தக் கடலோர ஜில்லாவில் திறந்தவெளி வேலை படுத்துவிடும். புரட்டாசியில் வர வேண்டிய பாக்கி வராவிட்டால், தீபாவளியும் கார்த்திகையும் அந்தக் குடும்பங்களில் எப்படிக் கழியும் என்பதை நான் விவரிக்க வேண்டியதில்லை.

சட்டமோ இந்த மேஸ்திரியிடம் மட்டும் கண்டிப்பாக இருக்கிறது. 1970ஆம் வருஷத்து ஒப்பந்தத் தொழிலாளர் சட்டமும், அதன் இடத்துக்கு வந்திருக்கும் 2020ஆம் வருஷத்துத் தொகுப்புச் சட்டமும், ஒப்பந்தக்காரர் என்ற சொல்லுக்குள் உபஒப்பந்தக்காரரையும் அடக்குகின்றன. ஆகவே சித்தாளுக்கும் கொத்தனாருக்கும் கூலி கொடுக்கும் பொறுப்பு அவரையே முதலில் சேருகிறது. அவர் தவறினால் பிரதான முதலாளி கொடுத்துவிட்டு அவரிடம் பிடித்துக்கொள்ளலாம். மேலேயிருந்து எனக்கு வரவில்லை என்று அவர் சொன்னால் சட்டம் அதைக் காதில் போட்டுக்கொள்வதில்லை, கொள்ளவும் கூடாது. ஆனால், நோட்டும் தோடும் தவிர வேறொன்றுமில்லாத மனிதருக்கு மறுக்கப்படும் அதே சமாதானத்தை, சொத்துச் சான்றிதழ் கொடுத்துப் பதிவு பெற்றவரிடமிருந்து நாம் மரியாதையோடு ஏற்றுக்கொள்வது எந்த தர்மத்தில் சேர்ந்தது?

கோர்ட்டுக்குப் போகலாமே என்பார்கள். சிதம்பரத்தில் சார்பு நீதிமன்றம் இருக்கிறது. வேலை முடிந்த நாளிலிருந்து மூன்று வருஷத்துக்குள் வழக்குப் போடலாம். கோர்ட்டுக் கட்டணமும் வக்கீல் செலவும் கட்ட வேண்டும். சிறு தொழில்களுக்கான 2006ஆம் வருஷத்துச் சட்டம் அதிகபட்சம் 45 நாளில் பணம் தர வேண்டுமென்றும், தவறினால் ரிசர்வ் வங்கி விகிதத்தைப்போல் மும்மடங்கு வட்டி என்றும் விதிக்கிறது. ஆனால் கட்டட வேலை ஒப்பந்தம் அதற்குள் அடங்காது என்று பம்பாய் உயர் நீதிமன்றம் போன்றவை தீர்ப்பளித்திருக்கின்றன. போதாததற்கு, எழுத்து மூலமான அனுமதியின்றி வேலையை இன்னொருவருக்கு விடக்கூடாது என்ற நிபந்தனை சர்க்கார் ஒப்பந்தங்களில் இருப்பதால், பெரும்பாலான உபஒப்பந்தங்கள் வாய்ப்பேச்சாகவே நடக்கின்றன. கூரை அவர் கைவேலையாக நிற்கிறது. காகிதத்தில் அவர் பெயர் கிடையாது. கலெக்டர் அலுவலகத்தில் திங்கட்கிழமை குறைதீர்க்கும் நாளில் மனுக் கொடுத்தால், “இது உங்களுக்குள் உள்ள விவகாரம்” என்று சொல்லிவிடுவது எவ்வளவு சுலபம்!

மேலே உண்மையாகவே பணம் செத்துப்போகும் சந்தர்ப்பங்களும் உண்டு என்பதை நான் மறுக்கவில்லை. கடலூருக்குத் தெற்கே பெரியகுப்பத்தில் எழுந்துகொண்டிருந்த நாகார்ஜுனா எண்ணெய்ச் சுத்திகரிப்பு ஆலையை 2011 டிசம்பர் 30ஆம் தேதி தானே புயல் தாக்கிய பிறகு, வேலை நின்று, கடைசியில் அந்தக் கம்பெனியே கலைப்புக்குப் போயிற்று. திவால் சட்டத்தின் வரிசையில் கம்பெனியின் சொந்தத் தொழிலாளர் பாக்கிக்கு முன்னிடம் உண்டு. சரக்கும் வேலையும் கொடுத்தவர்கள் வெகு பின்னால் நிற்கிறார்கள். கம்பெனியோடு நேரடி ஒப்பந்தமே இல்லாத உபஒப்பந்தக்காரர் அந்த வரிசையிலேயே இல்லை. ஆனால் இத்தகைய பேரிழப்பைக் காட்டி, பில் பணம் கைக்கு வந்த பிறகும் அதை அடுத்த டெண்டருக்கு முன்வைப்புத் தொகையாகக் கட்டிவிட்டு மேஸ்திரிக்குக் கையை விரிப்பவர் தப்பித்துக்கொள்ளும்படி விடலாமா?

கலிபோர்னியாவில் இந்த வித்தியாசத்தைச் சட்டம் தெளிவாகப் பார்க்கிறது. அங்கே பிரதான ஒப்பந்தக்காரர், பகுதிப் பணம் தமக்கு வந்து ஏழு நாளுக்குள் உபஒப்பந்தக்காரருக்குச் சேர வேண்டியதைக் கொடுத்தாக வேண்டும்; தவறினால் மாதம் 2 சதவீதம் அபராதம் உண்டு; அதோடு, லைசென்ஸ் வாரியம் அவர்மீது ஒழுங்கு நடவடிக்கை எடுப்பதற்கும் அதுவே காரணமாகிறது. நம்மூர்ப் பிள்ளைகள் கட்டட வேலைக்குப் போகும் சிங்கப்பூரோ 2004ஆம் வருஷத்துச் சட்டத்தால் இன்னும் ஒரு படி மேலே போய், எனக்கு வந்தால்தான் உனக்கு என்று ஒப்பந்தத்தில் எழுதிவைத்தாலும் அது செல்லாது என்று சொல்லிவிட்டது. அங்கெல்லாம் கட்டடங்கள் எழாமல் போய்விடவில்லை.

பதிவில் கைவைத்தால் வேலைகள் நின்று, கூலியாட்களே பட்டினி கிடப்பார்கள் என்பது கடைசி ஆட்சேபம். நடக்கிற வேலையை யாரும் நிறுத்தச் சொல்லவில்லை. புது டெண்டரில் அவரைச் சேர்க்காமல் இருந்தால் போதும். உபஒப்பந்தத்தை மறைக்கச் செய்யும் நிபந்தனைக்குப் பதிலாக, வேலை தொடங்கும்போதே மேஸ்திரிகளின் பெயரையும் பேசிய விகிதத்தையும் உதவிப் பொறியாளரிடம் எழுதிக் கொடுக்கும்படி செய்யலாம். கடைசிப் பில் போடும்போது, அவர்கள் ஒவ்வொருவரும் பாக்கியில்லை என்று கையெழுத்திட்ட சீட்டு இருந்தாலொழியப் பிடித்தப் பணத்தை விடுவிக்கக்கூடாது. உண்மையான தகராறு என்றால், தகராறுள்ள தொகையை மட்டும் துறையிலே கட்டிவைத்துவிட்டு வாதாடட்டும். விசாரித்துக் குற்றம் ருஜுவானவரை முதல் தடவை ஒரு வகுப்புக் கீழே இறக்கி, மறு தடவை பதிவேட்டிலிருந்தே நீக்க வேண்டும். இதற்கான உத்தரவு ஐப்பசி மழைக்கு முன்பே கடலூர் கோட்டத்துக்கு வந்து சேர வேண்டும் என்று பொதுப்பணித்துறையைக் கேட்டுக்கொள்கிறேன்.