பழகிப்போன ஆபத்து

2004 ஜூலை 16, கும்பகோணம்: சமையல் கூடத்தில் பிடித்த தீ கீற்றுக் கூரைக்குத் தாவி 94 பிள்ளைகள் கருகினார்கள். 2012 ஜூலை, தாம்பரம் பக்கம்: பள்ளிப் பேருந்தின் தரையில் இருந்த ஓட்டை வழியாக விழுந்து இரண்டாம் வகுப்புச் சிறுமி இறந்தாள். 2021 டிசம்பர் 17, நெல்லை: பள்ளிக் கழிப்பறைச் சுவர் இடிந்து 3 மாணவர்கள் பலி.

கூரை, ஓட்டை, சுவர்... எதுவும் ஒளிந்திருக்கவில்லை, கவனித்தீர்களா? தினமும் கண்ணில் பட்டவைதான். பழகிவிட்டது, அவ்வளவுதான்.

எங்க ரமணாசிரமம் முன்னாடி செங்கம் ரோட்டைக் கடக்க வெளியூர்க்காரர்கள் தயங்கி நிற்பார்கள். நாங்கள் பஸ்களுக்கு நடுவே சர்வசாதாரணமாகப் புகுந்து போவோம். அது தைரியமா? இல்லை, வெறும் பழக்கம்!

கும்பகோணத்துக்குப் பிறகு பள்ளிகளில் கீற்றுக் கூரைகளை அகற்றினார்கள். நல்லதுதான். ஆனால் அடுத்த ஆபத்து கூரை வடிவத்திலேயே வராதே!

என் யோசனை இதுதான்: புதிதாகச் சேர்ந்த பிள்ளைகளைப் பள்ளி முழுக்கச் சுற்றிவரச் சொல்லி, "எங்கே பயமா இருக்கு?" என்று கேளுங்கள். ஆடும் கைப்பிடி, பூட்டியே கிடக்கும் பின்வாசல், தொங்கும் ஒயர் எல்லாம் அவர்கள் கண்ணுக்குத்தான் முதலில் படும். சொன்னதை நோட்டில் எழுதி, சரிசெய்த தேதியையும் பக்கத்திலேயே போடுங்கள். தேதி விழாத வரிகளைப் பெற்றோர் கூட்டத்தில் சத்தமாகப் படியுங்கள்.

செலவு ஒரு நோட்டுதான். என்ன சொல்றீங்க நண்பர்களே?