மேல நின்னு பாத்தா குழி மட்டும்தான் தெரியும்

"காலேஜ்ல பாடத்தை விட வெளியில கத்துக்கிட்டதுதான் வாழ்க்கைக்கு உதவுச்சு"ன்னு பட்டணத்து நண்பர்கள் அடிக்கடி சொல்றீங்க. நான் பள்ளிக்கூடத்தோட நின்னவன். ஆனா அந்த வெளிப்பாடம் எப்படி நடக்குதுன்னு நெய்வேலி பக்கத்துல இருந்து வருஷா வருஷம் பாக்கறேன்.

இன்டஸ்ட்ரியல் விசிட்னு பஸ் பஸ்ஸா பிள்ளைங்க சுரங்கம் பாக்க வராங்க. மந்தாரக்குப்பம் டீக்கடையில ஒரு பையனை, "என்ன தம்பி பாத்தீங்க?"ன்னு கேட்டேன். "பக்கெட் வீல் மிஷின் அய்யா, எவ்ளோ பெருசு!"ன்னான். "அந்தக் குழி இருக்கற எடத்துல முன்ன என்ன இருந்துச்சு?" "மண்ணுதானே அய்யா"ன்னு சிரிச்சான்.

அவனைக் குத்தம் சொல்ல மாட்டேன். கூட்டிட்டு வந்தவங்களைத்தான் சொல்வேன். 1956ல கம்பெனி ஆரம்பிச்சது, 1957ல நேரு வந்து சுரங்கத்தைத் தொடங்கி வச்சது, 1962ல கரண்ட் எடுத்தது எல்லாம் ரிப்போர்ட்ல வந்துடும். நிலக்கரிக்கு அடியில அழுத்தத்தோட நிக்கற தண்ணிய ராப்பகலா எறைக்கலன்னா சுரங்கத் தரை பொத்துக்கும்னும் எழுதுவாங்க. அந்த மண்ணுமேல குடியிருந்த ஊருங்க எங்க போச்சு, சுத்துப்பட்டுல இப்ப எத்தனை அடியில தண்ணி கெடைக்குதுன்னு ஒரு வரி இருக்காது. கேக்க நேரமும் கிடையாது. போட்டோ எடுத்ததும் பஸ் அடுத்த ஊருக்குக் கெளம்பிடும்.

இதுல என்ன நஷ்டம்னு கேப்பீங்க. 2023 ஜூலையில வளையமாதேவியில பரவனாத்துக்கு மாத்து வாய்க்கா வெட்ட, கதிர் வர்ற நெல்லு வயல்ல பொக்லைன் எறங்குச்சு. டிவியில நீங்களும் பாத்திருப்பீங்க. நிலத்தை எப்பவோ எடுத்தாச்சுன்னு நிறுவனம் சொன்னுச்சு. சட்டம் யார் பக்கம்னு கோர்ட் பாத்துக்கட்டும். நான் கேக்கறது ஒண்ணுதான். அறுப்பு வரைக்கும் பொறுக்கலாம்னு தோணணும்னா, திட்டம் போடறவன் ஒரு நாளாவது வயல்ல நின்னிருக்கணும் இல்லையா? டீக்கடையில பாத்த பையன் நாளைக்கு எஞ்சினியராவோ அதிகாரியாவோ வந்து மேப்புல கோடு போடுவான். அப்பவும் அவன் கண்ணுக்கு அது மண்ணாத்தான் தெரியும்.

சுரங்கமே வேணாம்னு நான் சொல்லல. எங்க வீட்டு பல்பும் கரண்ட்லதான் எரியுது. கேன்டீன்லயும் ஹாஸ்டல்லயும் நீங்க கத்துக்கிட்ட நட்பும் பொய்யில்ல. ஆனா அங்க உங்களை மாதிரி ஆளுங்களைத்தானே பாத்தீங்க? வெளிப்பாடம்னா உங்களை மாதிரி இல்லாதவன்கிட்ட போய் உக்காந்து கேக்கறது.

அதனால காலேஜ் வாத்தியாருங்களுக்கு ஒரு வார்த்தை. காலையில சுரங்கத்தைக் காட்டுங்க, மதியம் பக்கத்து ஊருக்குக் கூட்டிட்டு வாங்க. மைக், பேனர், சால்வை எதுவும் வேணாம். வீட்டுக்கு ரெண்டு பிள்ளைங்களை விடுங்க. கெணத்து ஆழம், பட்டாவுல இருக்கற பேரு, இந்த வருஷ வரவு செலவு, மூணையும் கேட்டு எழுதட்டும். அதுக்கும் மார்க் போடுங்க.

மோர் நாங்க தரோம்.