20 மில்லியா? 45 மில்லியா? காரங்காடு கடற்கரை கேட்கும் ‘பாஸ் மார்க்’!

காரங்காட்டுக்குப் படகு சவாரி போகிறவர்கள் அலையாத்திக் காட்டைப் பார்க்கிறார்கள். கொக்கு, நாரையைப் பார்க்கிறார்கள். போட்டோ பிடித்துக்கொண்டு பஸ் ஏறிவிடுகிறார்கள்.

ஏறுவதற்கு முன்னால் கொஞ்சம் அண்ணாந்து பார்க்க வேண்டும்!

தொண்டிக்கும் தேவிபட்டினத்துக்கும் நடுவே உள்ள இந்தக் கரையோரத்தில், கட்டிப் பத்துப் பதினைந்து வருஷம்தான் ஆகியிருக்கும். அதற்குள் மொட்டை மாடித் தளத்தின் அடிப்புறம் காரை பெயர்ந்து, துருப்பிடித்த கம்பி பல்லை இளிக்கும். இது அபூர்வக் காட்சி இல்லை. நகையை அடகு வைத்துக் கட்டிய வீடாக இருக்கும். கேட்டால், ‘கடல் காத்து சார், என்ன பண்றது?’ என்பார்கள்.

பழி காற்றின் மேல் விழுகிறது. வீட்டைக் கட்டிக் கொடுத்தவர் தப்பித்துக்கொள்கிறார்.

பிளஸ் டூ ரிசல்ட் வந்ததும் ‘சிவில் எடுக்கலாமா, வேண்டாமா? அந்தப் பட்டத்துக்கு என்னென்ன தகுதி வேண்டும்?’ என்று வருஷா வருஷம் வீடுகளில் பேச்சு நடக்கிறது. அந்தப் பேச்சுக்கும் இந்தத் துருக் கம்பிக்கும் சம்பந்தம் இருக்கிறது.

கம்பிக்குப் போர்வை எத்தனை?

கான்கிரீட்டுக்குள் கம்பி எவ்வளவு ஆழத்தில் படுத்திருக்க வேண்டும் என்று ஒரு கணக்கு உண்டு. அதற்கு ‘கவர்’ என்று பெயர். கம்பிக்குப் போர்த்துகிற போர்வை மாதிரி.

ஐ.எஸ். 456 என்ற இந்தியத் தர விதியின் 2000-ம் ஆண்டுப் பதிப்பு இதைப் பட்டியல் போட்டுச் சொல்லியிருக்கிறது. உப்போ ஈரமோ தொல்லை செய்யாத சாதாரண இடத்தில் கவர் 20 மில்லிமீட்டர் போதும். எம்-20 கான்கிரீட் போதும். கடற்கரைச் சூழலில் என்றால் 45 மில்லிமீட்டர் வேண்டும். எம்-30 கான்கிரீட் வேண்டும். கடல் தெறிப்பே நேரடியாகப் படுகிற சுவர் என்றால் 50 மில்லிமீட்டர், எம்-35.

தண்ணீருக்கும் அளவு உண்டு. 50 கிலோ சிமெண்டு மூட்டைக்கு, சாதாரண இடத்தில் அதிகபட்சம் 27½ லிட்டர். கடற்கரையில் 22½ லிட்டரைத் தாண்டக்கூடாது. ‘கலவை கெட்டியா இருக்கு, இன்னும் ஒரு குடம் ஊத்துப்பா’ என்றால் கதை முடிந்தது! அந்தத் தண்ணீர் காய்ந்து போன இடமெல்லாம் நுண்துளை. அதன் வழியாக உப்பு உள்ளே போகிறது. கம்பியைத் தொடுகிறது. கம்பி துருவேறிப் பல மடங்கு பருக்கிறது. உள்ளே இருந்தே கான்கிரீட்டைப் பிளக்கிறது.

ஊரில் நடப்பது என்ன? கம்பிக்குக் கீழே ஒரு ஜல்லித் துண்டைச் செருகுகிறார்கள். கலவை ஒன்று, ஒன்றரை, மூன்று என்று சட்டிக் கணக்கில் போகிறது. அது எம்-20 வரைதான் செல்லும். எம்-30-க்குச் சட்டிக் கணக்கே கிடையாது. மணலையும் ஜல்லியையும் பரிசோதனைச் சாலையில் சோதித்துத்தான் கலவை விகிதம் எழுத வேண்டும்.

கொத்தனாரைக் குறை சொல்லிப் பயனில்லை. அவருக்கு யார் இதைச் சொல்லிக் கொடுத்தார்கள்? சொல்ல வேண்டியவர் பி.இ. சிவில் படித்தவர். அவர் அந்தத் தெருவுக்கே வருவதில்லை. வந்தாலும் பிளானில் கையெழுத்துப் போட்டுவிட்டுப் போய்விடுகிறார்.

உள்ளே நுழைய என்ன வேண்டும்?

சிவில் பட்டத்துக்குள் நுழைவது இன்று முன்னைப்போல் கஷ்டமில்லை. தமிழ்நாட்டில் 2007 முதல் நுழைவுத் தேர்வு கிடையாது. பிளஸ் டூவில் கணக்கு நூறு, பௌதிகம் ஐம்பது, ரசாயனம் ஐம்பது. ஆக 200-க்குக் ‘கட்-ஆப்’. அந்த மூன்று பாடங்களில் பொதுப் பிரிவுக்குச் சராசரி 45 சதவீதம், இட ஒதுக்கீட்டுப் பிரிவினருக்கு 40 சதவீதம் இருந்தால் கவுன்சலிங்குக்குப் போகலாம்.

ஆனால் பூட்டு அங்கே இல்லை. அதற்கு இரண்டு வருஷம் முன்னாலேயே விழுந்துவிடுகிறது! பத்தாவது முடித்த பிள்ளை, ‘கணக்கு வராது’ என்று யாரோ சொன்னதைக் கேட்டு வேறு குரூப்பில் சேர்ந்துவிட்டால், பிளஸ் டூ முடிந்த பிறகு அழுது பிரயோஜனமில்லை.

அதற்கும் ஒரு மாற்று வழி உண்டு. பத்தாவதுக்குப் பிறகு மூன்று வருஷம் பாலிடெக்னிக்கில் சிவில் டிப்ளமா. அதை முடித்தால் பி.இ. இரண்டாம் ஆண்டில் நேராகச் சேரலாம். இந்த நேரடிச் சேர்க்கையைப் பல ஆண்டுகள் நடத்தி வந்ததே பக்கத்தில் உள்ள காரைக்குடி அழகப்ப செட்டியார் அரசு என்ஜினீயரிங் கல்லூரிதான். 1952-ல் தொடங்கிய கல்லூரி அது. டிப்ளமா முடித்து வருகிற பையனுக்குக் கம்பி கட்டுவது முன்னமே தெரிந்திருக்கும் என்பது கூடுதல் லாபம்.

அரசுப் பள்ளியில் ஆறு முதல் பன்னிரண்டு வரை படித்தவர்களுக்கு 7.5 சதவீத இடம் என்று 2021-ல் சட்டம் வந்தது. அவர்களின் கல்விக் கட்டணம், விடுதிக் கட்டணம் எல்லாம் அரசே கட்டும் என்றும் அந்த ஆண்டே அறிவித்தார்கள். நல்ல காரியம். ஆனால் கடற்கரை ஊர்க்காரர்கள் ஒன்றைக் கவனிக்க வேண்டும். இந்தச் சலுகை அரசுப் பள்ளிகளுக்குத்தான். அரசு உதவி பெறும் பள்ளிகளுக்கு இல்லை. நம் கரையோரத்தில் சபைகள் நடத்தும் உதவி பெறும் பள்ளிகள் பல. ஒரே தெரு, ஒரே வலை, ஒரே வறுமை... ஆனால் ஒரு பிள்ளைக்குச் சலுகை உண்டு, பக்கத்து வீட்டுப் பிள்ளைக்குக் கிடையாது!

நாலு வருஷத்தில் என்ன செய்ய வேண்டும்?

உள்ளே போனபிறகுதான் சோதனை. அகில இந்தியத் தொழில்நுட்பக் கல்விக் கவுன்சில் 2018-ல் வெளியிட்ட மாதிரிப் பாடத்திட்டம், பட்டத்துக்கு 160 ‘கிரெடிட்’ என்று வகுத்தது. வாரம் ஒரு மணி நேர வகுப்புக்கு ஒரு கிரெடிட். செய்முறை வகுப்பு என்றால் இரண்டு மணி நேரத்துக்கு ஒன்று. சுருக்கமாகச் சொன்னால், நாலு வருஷத்தை மணிக்கணக்காக நறுக்கி எடை போடுகிறார்கள்.

அண்ணா பல்கலைக்கழகத்தின் 2021 விதிமுறைப்படி எழுத்துப் பாடத்தில் 40 மார்க் கல்லூரி கையில், 60 மார்க் பரீட்சையில். பாஸ் ஆக இரண்டும் சேர்த்து 50-ஆவது எடுக்க வேண்டும். வருகைப் பதிவு 75 சதவீதம் வேண்டும். மருத்துவக் காரணம் காட்டினால் 65 வரை மன்னிப்பு உண்டு. அதற்கும் கீழே போனால் அந்த செமஸ்டர் பரீட்சை எழுத முடியாது. நாலு வருஷப் படிப்பை ஏழு வருஷத்துக்குள் முடித்தாக வேண்டும். (விதிமுறை சில வருஷத்துக்கு ஒருமுறை மாறும். உங்கள் பிள்ளை சேர்ந்த வருஷத்து விதி எது என்று முதலில் கேளுங்கள்.)

தமிழ் வழியில் படித்த பிள்ளைகள் முதல் வருஷத்தில்தான் தடுக்கி விழுகிறார்கள். ‘ஷியர் போர்ஸ்’, ‘பெண்டிங் மொமெண்ட்’ என்று இங்கிலீஷில் கேட்டதும் மிரண்டு, ‘அரியர்’ மூட்டை கட்டுகிறார்கள். ஆற்று மணலைக் கையில் அள்ளியே ஈரம் சொல்லுகிற பிள்ளை, மண் இயலில் பெயிலாகிறான்! இதற்காகவே 2010-ல் சிவிலும் மெக்கானிக்கலும் தமிழில் தொடங்கப்பட்டன. தமிழ் வழியில் படித்தவர்களுக்கு அரசு வேலையில் 20 சதவீத முன்னுரிமைச் சட்டமும் அதே ஆண்டு வந்தது. ஆனாலும் சேருகிறவர்கள் குறைந்துகொண்டே போனார்கள். 2023-ல் உறுப்புக் கல்லூரிகளில் தமிழ் வழியை நிறுத்துவதாக அறிவித்து, எதிர்ப்புக் கிளம்பியதும் பல்கலைக்கழகம் வாபஸ் வாங்கியது. வகுப்பைத் தொடங்கினால் மட்டும் போதுமா? நல்ல தமிழ்ப் புத்தகமும், தமிழில் விளக்குகிற வாத்தியாரும் வேண்டாமா?

இரண்டு மார்க் கேள்வி!

இப்போது அந்த 45 மில்லிமீட்டருக்கு வருவோம். அது பாடத்தில் இல்லாமல் இல்லை. கான்கிரீட் டிசைன் பாடத்தில் அந்தப் பட்டியல் வருகிறது. மாணவன் மனப்பாடம் செய்கிறான். இரண்டு மார்க் கேள்வியாக வந்தால் எழுதுகிறான். வராவிட்டால் மறந்துவிடுகிறான். அதைத் தெரியாமலே 50 மார்க் வாங்கிப் பட்டம் வாங்கலாம். எந்த விதியும் தடுக்காது.

கடற்கரைப் பொறியியல் என்று தனிப் பாடமே உண்டு. ஆனால் அது விருப்பப் பாடம். சேலத்தில் படிக்கிறவனுக்கு விருப்பப் பாடம் என்றால் சரி. ராமநாதபுரத்தில் படிக்கிறவனுக்கும் விருப்பப் பாடம்தானா?

சட்டமும் அப்படித்தான். 2019 கடலோர ஒழுங்குமுறை அறிவிக்கையின்படி அலையாத்திக் காடு மிகக் கடுமையான பாதுகாப்புப் பட்டியலில் இருக்கிறது. ஆயிரம் சதுர மீட்டருக்கு மேற்பட்ட காடு என்றால் சுற்றி 50 மீட்டர் இடைவெளி விட வேண்டும். காரங்காட்டில் ஒரு படகுத் துறையோ பாலமோ கட்ட வருகிற என்ஜினீயருக்கு இதுதான் அரிச்சுவடி. உயர் அலைக் கோடு எங்கே ஓடுகிறது என்று தெரியாதவர் டேப்பை எங்கே வைத்து அளப்பார்?

சர்வே முகாம் என்று மாணவர்களை வெளியே கூட்டிப்போய் அளக்கச் சொல்வது சிவில் படிப்பில் பழைய வழக்கம். கிண்டி என்ஜினீயரிங் கல்லூரியே 1794-ல் சர்வே பள்ளியாகப் பிறந்ததுதான். இந்த மாவட்டத்து மாணவர்களுக்கு அந்த முகாமைக் காரங்காட்டுக் கழிமுகத்தில் போட்டால் என்ன? அலை ஏறி இறங்குவதை அளக்கட்டும். பத்து வீட்டுத் தளத்தில் துருவை அளக்கட்டும். அதற்கு மார்க் போடட்டும்.

பாம்பன் சொல்லும் பாடம்

இதே பாக் விரிகுடாக் கரையில் தெற்கே போனால் பாம்பன். 1914-ல் திறந்த ரெயில் பாலம் உப்போடு நூறு வருஷத்துக்கு மேல் மல்லுக்கட்டியது. 1964 டிசம்பர் புயல் தனுஷ்கோடியை அழித்தபோது பாலமும் சிதைந்தது. அதை 46 நாளில் சீர்செய்து கொடுத்தவர், காக்கிநாடா அரசுக் கல்லூரியில் சிவில் படித்த இளம் ரெயில்வே என்ஜினீயர் ஸ்ரீதரன். பிற்காலத்தில் டெல்லி மெட்ரோவைக் கட்டியவர்.

துரு முற்றியதால் 2022 டிசம்பரில் அந்தப் பாலத்தில் ரெயில் நின்றது. 2025 ஏப்ரல் 6-ந் தேதி புதுப் பாலம் திறந்தது. அதில் என்ன செய்தார்கள் தெரியுமா? துருப்பிடிக்காத எஃகுக் கம்பி போட்டார்கள். உப்பைத் தாங்குகிற விசேஷப் பெயிண்ட் அடித்தார்கள். உப்பு என்ன செய்யும் என்று சர்க்காருக்குத் தெரியும். ரெயிலுக்குத் தருகிற அந்த மரியாதையில் பத்தில் ஒரு பங்கு, மீனவர் வீட்டுத் தளத்துக்குக் கிடைக்கவில்லை.

குறுக்கு வழிப் பட்டம்

வேலை பார்த்துக்கொண்டே பட்டம் வாங்க நினைக்கிற சூப்பர்வைசர்கள், டிராப்ட்ஸ்மேன்கள் கவனிக்க! ஒரு காலத்தில் ஏ.எம்.ஐ.இ. பாஸ் செய்தால் பி.இ.க்குச் சமம். 2013 மே 31 வரை பதிவு செய்தவர்களுக்குத்தான் மத்திய அரசின் அந்த அங்கீகாரம். தபால் வழி பி.டெக். என்று விளம்பரம் பார்த்தால் பர்ஸை மூடிக்கொள்ளுங்கள். நிகர்நிலைப் பல்கலைக்கழகங்கள் அனுமதியில்லாமல் கொடுத்த அத்தகைய என்ஜினீயரிங் பட்டங்கள் மேல் சுப்ரீம் கோர்ட்டு 2017 நவம்பரில் கை வைத்தது. பணமும் போச்சு, பட்டமும் போச்சு!

கோர்ட்டு ஏன் இவ்வளவு கறார்? கட்டிடம் பொய் சொன்னால் உயிர் போகும். சென்னை மவுலிவாக்கத்தில் 2014 ஜூன் 28-ந் தேதி 11 மாடிக் கட்டிடம் சரிந்து 61 பேர் செத்தார்கள். பலர் வெளியூரிலிருந்து பிழைக்க வந்த கூலித் தொழிலாளிகள்.

2024 ஜூலையில் இன்னொரு வசதியும் வந்தது. 2,500 சதுர அடிக்குள் மனை, 3,500 சதுர அடிக்குள் வீடு என்றால், சுயசான்று கொடுத்து உடனே அனுமதி வாங்கலாம். ஆபீஸ் ஆபீசாக அலைய வேண்டாம், பாராட்டலாம். ஆனால் அனுமதி சுலபமாகும்போது, கம்பி கட்டுகிற அன்றைக்குப் பக்கத்தில் நிற்கிற ஆளின் பொறுப்பு கூடுகிறது. அதிகாரி வந்து பார்ப்பார் என்று இனி யாரும் சாக்குச் சொல்ல முடியாது.

சிவில் படித்தால் சம்பளம் குறைவு, கம்ப்யூட்டர் படித்தால் ஏ.சி. ரூம் என்று பெற்றோர் கணக்குப் போடுகிறார்கள். அந்தக் கணக்கில் நியாயம் இருக்கிறது, நாம் மறுக்கவில்லை. அதற்காக நல்ல மார்க் எடுத்த பிள்ளைகள் எல்லாம் அந்தப் பக்கம் போய், வேறு சீட்டு கிடைக்காதவர்கள் மட்டும் சிவிலுக்கு வந்தால், ஒதுங்கிய கையெழுத்துத்தான் நம் வீட்டுக்கு வந்து சேரும்.

இப்போது வீடு கட்டிக்கொண்டிருக்கும் கடலோரத்து ஆட்களுக்கு ஒரு வார்த்தை. தளம் போடுகிற அன்று காலையில், கலவை கொட்டுவதற்கு முன்னால், ஒரு பள்ளிக்கூட ஸ்கேலோடு ஏறிப் பாருங்கள். பலகைக்கும் கம்பிக்கும் நடுவே எத்தனை இருக்கிறது? நாலரை சென்டிமீட்டர் இல்லை என்றால், கையெழுத்துப் போட்ட என்ஜினீயருக்கு உடனே போன் போடுங்கள். அவர் வந்து சேருகிற வரைக்கும் மிஷினை ஓட விடாதீர்கள்.