கல்லீரலுக்கும் இருப்பு எடுப்போம்

வணிகர்களாகிய நாம் ஆண்டுக்கு ஒரு முறையாவது இருப்பு எடுக்கிறோம். மூட்டைகளை எண்ணி, சிட்டையோடு ஒத்துப் பார்த்து, நாலு கிலோ குறைந்தாலும் ஏன் குறைந்தது என்று கேட்காமல் விடுவதில்லை. நம் உடம்பின் இருப்பைப் பற்றி மட்டும் கேட்பதே இல்லை. சர்க்கரை எவ்வளவு, இரத்த அழுத்தம் எவ்வளவு என்று இப்போது பலர் பார்த்துக் கொள்கிறார்கள். அது வரவேற்க வேண்டியது. ஆனால் கல்லீரல் பரிசோதனை என்றால் பலர் ஒதுங்கிப் போகிறார்கள். காரணம் பயம் மட்டும் அல்ல, வெட்கமும்தான். "ஈரல் கெட்டுப் போச்சாம்" என்று ஒரு சொல் வெளியே போனால், "அப்படியா, தண்ணி போடுகிறவரா?" என்றுதான் கடைத்தெரு கேட்கும். இந்த எண்ணம் மாற வேண்டும் என்பதே நமது கருத்து.

நம்மிடம் சரக்கு எடுக்கும் சில்லறை வியாபாரி ஒருவர் இருக்கிறார். ஊரும் பேரும் இங்கே வேண்டாம். காலையில் கடை திறக்கும்போது நெற்றியில் திருநீறு இல்லாமல் அவரைப் பார்க்க முடியாது. மதுவைத் தொட்டதில்லை, அசைவமும் இல்லை. காப்பீட்டுக்காக இரத்தம் கொடுத்த இடத்தில் எஸ்.ஜி.பி.டி. 92 என்று வந்தது. அறிக்கையைப் பார்த்த மூத்த சகோதரர் முதலில் கேட்ட கேள்வி, "எத்தனை நாளாய் இந்தப் பழக்கம்?" என்பதுதான். மனிதர் குன்றிப் போனார். அந்தக் காகிதத்தை மடித்துக் கல்லாப்பெட்டியின் அடியில் வைத்தவர், ஏறக்குறைய ஓராண்டு யாரிடமும் காட்டவில்லை. பிறகு வேறு காரணத்துக்காக ஸ்கேன் எடுத்தபோதுதான் கல்லீரலில் கொழுப்பு படிந்திருப்பதும், கூடவே சர்க்கரை நோய் இருப்பதும் தெரிந்தன. ஓராண்டு முன்பே தெரிய வேண்டிய செய்தி, ஒரு தவறான கேள்வியால் பெட்டிக்குள் கிடந்தது.

எஸ்.ஜி.பி.டி., எஸ்.ஜி.ஓ.டி. என்பவை என்ன? இப்போது பல ஆய்வுக்கூடங்கள் இவற்றை ஏ.எல்.டி., ஏ.எஸ்.டி. என்று அச்சிடுகின்றன. இரண்டும் கல்லீரல் செல்களுக்குள் இருந்து வேலை செய்யும் நொதிகள். செல் அடிபட்டால் அவை கசிந்து இரத்தத்தில் சேரும். கிட்டங்கி வாசலில் அரிசி சிந்திக் கிடந்தால் உள்ளே ஏதோ ஒரு மூட்டை கிழிந்திருக்கிறது என்று நமக்குத் தெரியும். எலி கடித்ததா, கொக்கி பட்டதா, ஈரத்தில் சாக்கு இற்றதா என்பது உள்ளே போய்ப் பார்த்தால்தான் தெரியும். நொதி அளவும் அப்படியே. எங்கோ கிழிசல் உண்டு என்று சொல்லும். யார் கிழித்தது என்று சொல்லாது. பொதுவாக 40 யூனிட்டை ஒட்டி மேல் எல்லை வைக்கிறார்கள். ஆய்வுக்கூடத்துக்கு ஆய்வுக்கூடம் இது சற்று மாறும்.

இந்த இரண்டிலும் ஒரு வேறுபாடு உண்டு. எஸ்.ஜி.பி.டி. பெரும்பாலும் கல்லீரலில் இருப்பது. எஸ்.ஜி.ஓ.டி. தசையிலும் இதயத்திலும் கூட இருக்கிறது. ஆகவே நாள் முழுக்க மூட்டை சுமக்கும் தொழிலாளிக்கோ, புதிதாக உடற்பயிற்சி தொடங்கிய இளைஞனுக்கோ அது கூடியிருந்தால் குற்றவாளி கல்லீரலாகவே இருக்க வேண்டும் என்பதில்லை. அல்கலைன் பாஸ்பட்டேஸ், ஜி.ஜி.டி. என்ற வேறு இரண்டும் சேர்ந்து கூடினால் பித்தநாளத்தில் கல் போன்ற அடைப்பு உண்டா என்று மருத்துவர் பார்ப்பார்.

இன்று நம்மைப் போன்றவர்களிடம் அதிகம் காணப்படும் காரணம் கொழுப்புக் கல்லீரல். இதில் வியப்பு என்ன இருக்கிறது? காலை ஆறு மணிக்குக் கடை திறந்தால் இரவு பத்து மணி வரை ஒரே நாற்காலி. வாடிக்கையாளர் வந்தால் ஒரு டீ, சரக்கு வந்தால் ஒரு டீ, ஒவ்வொன்றிலும் இரண்டு கரண்டி சர்க்கரை. மதியச் சாப்பாடு மூன்றரை மணிக்கு, இரவுச் சாப்பாடு கடை அடைத்த பிறகு, உடனே படுக்கை. எண்ணெய் சாப்பிட்டால்தான் கொழுப்பு சேரும் என்று நினைக்க வேண்டாம். மிஞ்சிய மாவுச்சத்தையும் சர்க்கரையையும் கல்லீரல் கொழுப்பாக மாற்றி வைத்துக் கொள்கிறது. 2021இல் மத்திய அரசு, சர்க்கரை நோய், இதயநோய் முதலியவற்றுக்கான தேசியத் திட்டத்தில் இந்தக் கொழுப்புக் கல்லீரலையும் சேர்த்தது. இதற்கு மருந்து மூட்டை மூட்டையாக வேண்டியதில்லை. 80 கிலோ இருப்பவர் ஆறு முதல் எட்டு கிலோ நிதானமாகக் குறைத்தால் கொழுப்பும் அழற்சியும் குறைகின்றன என்று மருத்துவர்கள் சொல்கிறார்கள்.

மதுவை நாம் இங்கே காப்பாற்ற வரவில்லை. அது கல்லீரலின் பகைதான். எஸ்.ஜி.ஓ.டி. அளவு எஸ்.ஜி.பி.டி.யைப் போல் இரண்டு மடங்குக்கு மேல் இருந்தால் மருத்துவரின் சந்தேகம் முதலில் மதுவின் பக்கம் போகும். குடிப்பவர்கள் மருத்துவரிடம் அளவைக் குறைத்துச் சொல்வது, வருமான வரிக்காரரிடம் விற்றுமுதலைக் குறைத்துச் சொல்வது போன்றதல்ல. இங்கே தண்டம் கட்டுவது நம் ஈரல்.

அடுத்தது வைரஸ். ஏ, இ வகை மஞ்சள் காமாலை அசுத்தமான நீராலும் உணவாலும் வருவது, பெரும்பாலும் தானே தணிவது. ஆனால் இ வகை கர்ப்பிணிகளுக்கு ஆபத்தானது. பி, சி வகைகள் இரத்தத்தின் வழியாகப் பரவுபவை. பலருக்கு ஆண்டுக்கணக்கில் அறிகுறியே இராது. சரியாகக் கொதிக்க வைக்காத ஊசி, பலருக்குப் போட்ட ஒரே சவரக்கத்தி, தாயிடமிருந்து குழந்தை என்று பல வழி உண்டு. பி வகை உடலுறவாலும் பரவும். அதற்குத் தடுப்பூசி இருக்கிறது. சி வகையை இன்று பெரும்பாலும் பன்னிரண்டு வார மாத்திரையில் குணப்படுத்திவிடலாம். 2018இல் தொடங்கிய தேசியத் திட்டத்தின் கீழ் அரசு மருத்துவமனைகளில் இதற்குப் பரிசோதனையும் மருந்தும் இலவசம். "எனக்கு மஞ்சள் காமாலை வந்ததே இல்லை" என்று சொல்பவருக்கும் இந்த வைரஸ் இருக்கக்கூடும்.

இனி நம் கடைக்குள் வருவோம். மருந்தும் பொடியும் கூட நொதியை உயர்த்தும். காசநோய் மாத்திரைகள் சிலருக்கு உயர்த்துகின்றன. அதற்காகத் தானாக நிறுத்திவிடக் கூடாது, மருத்துவரிடம் சொல்ல வேண்டும். பாரசிட்டமால் அளவோடு நல்ல மருந்து, அளவு மீறினால் கல்லீரலைக் கருக்கிவிடும். காய்ச்சல் மாத்திரையிலும் சளி மாத்திரையிலும் அதே பாரசிட்டமால் இருப்பது தெரியாமல் இரண்டையும் சேர்த்து விழுங்குவோர் உண்டு. உப்பு, புளியோடு மாத்திரைப் பட்டையையும் கத்தரித்துக் கொடுக்கும் பழக்கம் நம் சில்லறைக் கடைகளில் இன்னும் இருக்கிறது. அதை விட்டுவிடுவதே நமக்கு அழகு. அந்த இரண்டு ரூபாய் லாபம் நமக்கு வேண்டாம்.

மூலிகை என்றால் கெடுதியே இல்லை என்ற எண்ணமும் சரியல்ல. நாம் விற்கும் மஞ்சள் குழம்பில் போட்டால் யாருக்கும் தீங்கில்லை. அதே மஞ்சளின் சாரத்தைச் செறிவாக்கி, மிளகின் சாரமும் சேர்த்து மாத்திரையாக விற்றபோது, இத்தாலியிலும் அமெரிக்காவிலும் சிலருக்குக் கல்லீரல் அழற்சி வந்ததை மருத்துவர்கள் பதிவு செய்திருக்கிறார்கள். கொரோனா காலத்தில் சீந்தில் சாப்பிட்ட சிலருக்குக் கல்லீரல் பாதிப்பு வந்ததாக 2021இல் மும்பை மருத்துவர்கள் எழுதினார்கள். ஆயுஷ் அமைச்சகம் அதை மறுத்தது. அந்த வழக்கில் தீர்ப்புச் சொல்ல நாம் யார்? ஆனால் மருத்துவர் கேட்கும்போது, "மருந்து எதுவும் சாப்பிடவில்லை" என்று சொல்லாமல், சூரணம், கஷாயம், எடை குறைக்கும் பொடி எல்லாவற்றையும் சொல்லிவிட வேண்டும். கண் மஞ்சளானால் கீழாநெல்லி அரைத்துக் கொடுப்பதோடு நிறுத்திவிடாமல் இரத்தமும் பார்க்க வேண்டும்.

பூஞ்சையைப் பற்றிச் சொல்லாமல் மளிகைக்காரன் கல்லீரலைப் பற்றிப் பேச முடியாது. 1960இல் இங்கிலாந்தில் ஒரு லட்சத்துக்கும் மேற்பட்ட வான்கோழிகள் மாண்டன. பிரேசிலிலிருந்து வந்த கடலைப் பிண்ணாக்கில் இருந்த பூஞ்சை நஞ்சு கல்லீரலை அழித்ததே காரணம் என்று பிறகு தெரிந்தது. அதற்கு அஃப்ளடாக்சின் என்று பெயரிட்டார்கள். 1974இல் ராஜஸ்தான், குஜராத் எல்லைக் கிராமங்களில் மழையில் நனைந்து பூஞ்சை பிடித்த மக்காச்சோளத்தைத் தின்று 100 பேருக்கு மேல் இறந்தார்கள். வறுத்தாலும் பொரித்தாலும் இந்த நஞ்சு முழுதாகப் போவதில்லை. சிறிது சிறிதாகப் பல ஆண்டு உடலில் சேர்ந்தால் கல்லீரல் புற்றுநோய்க்கு வழி வகுக்கிறது. பி வைரஸ் இருப்பவருக்கு ஆபத்து பல மடங்கு. ஆகவே கடலை, வத்தல், மக்காச்சோளம் இவற்றை ஈரத்தோடு வாங்குவதும், வெறுந்தரையில் அடுக்குவதும், பூஞ்சை பட்ட பருப்பை நல்லதோடு கலந்து தள்ளுவதும் வெறும் சரக்குக் குறை அல்ல. அடுத்தவன் ஈரலில் கை வைப்பது. மரச்சட்டம் போட்டு, சுவரை விட்டுத் தள்ளி அடுக்கி, கறுத்துச் சுருங்கிய பருப்பைப் பொறுக்கி எறிந்துவிட்டால் பெரும் பகுதி ஆபத்து குறையும்.

இன்னொன்று எலி பேஸ்ட். மஞ்சள் பாஸ்பரஸ் கலந்த பேஸ்ட் கல்லீரலை அழிப்பது. தமிழக அரசு அதன் விற்பனையைத் தடை செய்திருக்கிறது. பழைய இருப்பு என்று சொல்லி மேசைக்கு அடியில் வைத்து விற்பவர் எவரும் நம் சங்கத்தில் இருக்கக் கூடாது.

சரி, அறிக்கையில் எண் கூடியிருந்தால் என்ன செய்வது? பதறவும் வேண்டாம், பதுக்கவும் வேண்டாம். மருத்துவரிடம் காட்டினால், சில வாரம் கழித்து மறுபடி இரத்தம் பார்க்கச் சொல்வார். பி, சி வைரஸ் பரிசோதனை, சர்க்கரை, வயிற்று ஸ்கேன் என்று ஒவ்வொன்றாகக் காரணத்தைத் தேடுவார். எண் பெரிதென்றால் நோய் பெரிது என்றும் இல்லை, எண் சரியாக இருந்தால் எல்லாம் சரி என்றும் இல்லை. கல்லீரல் சுருங்கிக் கெட்டிப்பட்டவருக்கு நொதி அளவு சாதாரணமாக இருப்பதும் உண்டு. கிட்டங்கியே காலியானால் வாசலில் சிந்த என்ன இருக்கும்? அதனால்தான் பிலிரூபின், அல்புமின், இரத்தம் உறையும் நேரம் ஆகியவற்றையும் பார்க்கிறார்கள். கண் மஞ்சளாதல், வயிறு வீங்குதல், இரத்த வாந்தி, கறுத்த மலம், புத்தி தடுமாற்றம் இவற்றில் ஒன்று வந்தாலும் அன்றே மருத்துவமனைக்குப் போக வேண்டும்.

நம் சங்கத்துக்கு ஒரு வேண்டுகோள். ஆண்டுதோறும் நடத்தும் சர்க்கரை, இரத்த அழுத்த முகாமில் கல்லீரல் பரிசோதனையையும் பி, சி வைரஸ் பரிசோதனையையும் சேர்க்க வேண்டும். முதலாளிகளுக்கு மட்டும் அல்லாமல் கணக்குப்பிள்ளை, கடைப் பையன்கள், சுமைத் தொழிலாளிகள் அனைவருக்கும் பார்க்க வேண்டும். முடிவை ஒட்டிய உறையில் அவரவர் கையில் கொடுக்க வேண்டும். மேடையில் பெயர் வாசித்துக் கொடுப்பது கூடாது. செலவு பெரிது என்று சிலர் சொல்லக்கூடும். ஆண்டு விழா மலரில் நாம் போடும் வாழ்த்து விளம்பரங்களில் சிலவற்றைக் குறைத்தால் போதும்.

அறிக்கையோடு நம் சகோதரர் ஒருவர் வந்தால் "குடிப்பாயா?" என்று முதலில் கேட்பதை விடுவோம். "எந்த டாக்டரிடம் போகலாம், நானும் கூட வருகிறேன்" என்று சொல்லுவோம். சரக்கில் குறை கண்டால் காரணம் தேடும் நாம், மனிதனிடம் மட்டும் குற்றம் தேடுவது வணிக நியாயம் ஆகாது.